கடற்காற்று வீசும் ஊரில் எதற்கு இத்தனை இருமல்?

புகை, தூசி, மூச்சுமுட்டு, காற்று மாசு பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் நெஞ்சக நோய்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

டெல்லி, சென்னை என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். நமக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, வருஷத்தில் இரண்டு மழைக்காலம். இங்கே உட்கார்ந்துகொண்டு காற்று மாசு என்று பேசுவது மக்களை வீணாகப் பயமுறுத்துவது இல்லையா டாக்டர்?
- வாசகர், வடசேரி

டெல்லியோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்துவைத்தவர்கள்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது, அந்த மாதங்களில் புகை ஓரிடத்தில் தங்க வழியே இல்லை. மழையும் தூசியைக் கழுவி இறக்கிவிடுகிறது. இதெல்லாம் உண்மை.

ஆனால் நீங்கள் இழுக்கும் மூச்சு மாவட்டத்தின் சராசரிக் காற்றிலிருந்து வருவதில்லை, நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து வருகிறது. எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் கடை வைத்திருப்பவருக்கும், அங்கிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி வீடு இருப்பவருக்கும் ஊர் ஒன்றுதான், காற்று வேறு. வாகனப் புகை சாலையை ஒட்டி மிக அதிகமாக இருக்கும், 150 முதல் 300 மீட்டர் தள்ளிப் போனால் வெகுவாகக் குறைந்துவிடும் என்று பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டித்தான் கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் இருக்கிறது. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் முக்கியமான ஆள் பிஎம் 2.5 என்கிற நுண்துகள். இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளது. நம் தலைமுடி ஒன்று ஐம்பது, அறுபது மைக்ரான் தடிமன் இருக்கும் என்றால் இது எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் விழுந்து உறுத்துகிற தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும். இது அப்படிப் பிடிபடாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்காருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதற்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் என்று அளவு வைத்திருந்தது, 2021-இல் அதை 5 ஆகக் குறைத்தது. இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் இருக்கும் வரம்பு 40. அதாவது 'வரம்புக்குள் இருக்கிறது' என்று ஓர் ஊரைப் பற்றிச் சொன்னாலும், அது உலக அளவை விட எட்டு மடங்கு வரை இருக்கலாம். இதற்குக் கீழே போனால் ஒன்றும் செய்யாது என்று சொல்லக்கூடிய ஓர் எல்லையும் ஆய்வுகளில் தெளிவாகக் கிடைக்கவில்லை.

2019-இல் இந்தியாவில் காற்று மாசால் இறந்தவர்கள் சுமார் 16.7 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள், வீட்டுக்குள் அடுப்புப் புகையால் போனவர்களும் இதில் சேர்த்தி. இவர்கள் எல்லோரும் டெல்லிக்காரர்கள் இல்லை. பயமுறுத்த நான் எழுதவில்லை அண்ணாச்சி, நம் ஊர்க் காற்று நல்லது என்ற நம்பிக்கையில் நாம் பார்க்காமல் விடுகிற புகையைப் பார்க்கச் சொல்கிறேன்.

மகள் நாலாம் வகுப்பு. ரோட்டை ஒட்டின பள்ளிக்கூடம். ஜனவரி வந்தால் ராத்திரி இருமல், விடியற்காலையில் இழுப்பு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். 'சின்னப் பிள்ளைக்கு அதைப் பழக்கிவிட்டால் ஆயுசுக்கும் விடாது' என்று என் மாமியாரும் மயினியும் சொல்கிறார்கள். சிரப் கொடுத்துச் சமாளிக்கலாமா?
- வாசகி, மார்த்தாண்டம்

தயவுசெய்து அந்த இன்ஹேலரை நிறுத்தாதீர்கள் அம்மா. இந்த ஒரு பயத்தால் எத்தனை பிள்ளைகள் வருஷக்கணக்கில் ராத்திரித் தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கமுடியாத வருத்தமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து சிரப்பாகவோ மாத்திரையாகவோ போகும்போது ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, அப்புறம்தான் கொஞ்சம் நுரையீரலுக்கு வரும். அதனால்தான் சிரப் குடித்த பிள்ளைக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு மருந்து, நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. எது கடுமையான மருந்து என்று மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், அவர்களும் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள். இன்ஹேலருக்கு யாரும் அடிமை ஆவதில்லை. நோய் இருக்கும் வரை மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தொந்தரவு குறைந்தும் போகிறது.

இரண்டு வகை இருக்கும். முட்டு வந்தவுடன் அடிப்பது ஒன்று, வராமல் தடுக்கத் தினமும் அடிப்பது இன்னொன்று. இருமல் நின்றுவிட்டதே என்று தினசரி மருந்தை நீங்களாக நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லட்டும். ஸ்பேசர் என்கிற அந்தக் குப்பியோடு சேர்த்துக் கொடுங்கள், அது இல்லாமல் கொடுத்தால் பாதி மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். தினசரி மருந்து அடித்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ஏன் ஜனவரியில் என்று கேட்டிருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வடகிழக்கு மழை ஓய்ந்து, காலையில் காற்று அசையாமல் குளிர்ந்து கிடக்கும் நாட்களில் தரையை ஒட்டி விட்ட புகை மேலே ஏறாமல் அங்கேயே நிற்கும். பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் டிப்பர்களும் ஓடுகிற நேரமும் அதுதான். வைரஸ் சளியும் அப்போது சுற்றும். மூன்றும் சேர்ந்து பிள்ளையைப் பிடிக்கிறது.

பிள்ளைகள் உடல் எடைக்கு நம்மை விட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், உயரமும் குறைவு, வண்டிகளின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அவர்கள் மூக்கு. நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயசு வேறு. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை 1990-களிலிருந்து பல வருஷம் தொடர்ந்து அளந்தார்கள். அங்கே சட்டம் போட்டுப் புகையைக் குறைக்கக் குறைக்க, பின்னால் வந்த பிள்ளைகளின் நுரையீரல் முன்னால் இருந்தவர்களை விட நன்றாக வளர்ந்திருந்தது. 2015-இல் அந்த முடிவு வெளியானது. காற்றைச் சுத்தப்படுத்தினால் பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது என்பதற்கு இதை விட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பள்ளியில் நீங்கள் கேட்கக்கூடியது: வாசலில் காத்திருக்கும் வேன், ஆட்டோ, கார் எல்லாம் எஞ்சினை அணைக்க வேண்டும். ரோட்டுப் பக்க ஜன்னலைக் காலை நெரிசல் முடியும் வரை மூடி வைத்து, மறுபக்க ஜன்னலைத் திறக்கலாம். விளையாட்டு வகுப்பை வாசல் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கலாம். ஒருவர் போய்க் கேட்டால் நடக்காது, பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். நீங்களும் பிள்ளையை அழைக்கப் போகும்போது வண்டியை அணையுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. நெடுஞ்சாலை ஓரம் சாயாக்கடை, விறகு அடுப்பு. பீடி கிடையாது, குடி கிடையாது. போன மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 'புகையும் ஒரு காரணமாக இருக்கலாம்' என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னார். புகைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், தக்கலை

நிறையச் சம்பந்தம் உண்டு தம்பி. வெளிக்காற்று மாசால் நேரும் மரணங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் பெரிய பங்கு, ஆனால் புகை என்றால் நுரையீரல் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

நுண்துகள் காற்றறையில் போய்ப் படிந்ததும் உடம்பு அதை எதிரியாகப் பார்த்து அழற்சியைக் கிளப்புகிறது. அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்தக்குழாய்ச் சுவர் விறைக்கிறது, பிரஷர் ஏறுகிறது, ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இடம் வெடிப்பதற்கு வாய்ப்பு அதிகமாகிறது. துகள்களில் மிக நுண்ணியவை ரத்தத்துக்குள்ளேயே கடந்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஆறு நகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 வருஷம் வரை பின்தொடர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையையே மாற்றியது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துக் கணக்குப் பார்த்த பிறகும், மாசு அதிகமான நகரத்தில் இறப்பு விகிதம் சுத்தமான நகரத்தை விட 26 சதவீதம் அதிகமாக இருந்தது.

அப்பாவுக்கு வந்ததற்குப் புகை மட்டுமே காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, பரம்பரை எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் முன்னால் டீசல் புகை, பின்னால் விறகுப் புகை, நடுவில் ஒரு மனிதர் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார் என்றால் அதைச் சின்ன விஷயமாக நான் எடுக்க மாட்டேன். கடையை மாற்றுங்கள் என்று சொல்வது எளிது, அதுதான் சோறு போடுகிறது. முதலில் விறகை விட்டு கேஸுக்கு மாறுங்கள், இதை இந்த மாதமே செய்யுங்கள். அப்பாவின் இருக்கையை ரோட்டோரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ தள்ளுங்கள். நெரிசல் அதிகமான மாலை நேரத்தில் நீங்கள் நின்றுகொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பலாம். ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுக்கும் மாத்திரைகளை ஒரு நாள்கூட விடக் கூடாது. நெஞ்சில் பாரம், இடது கை வலி, வியர்வை என்று மறுபடி வந்தால் கேஸ் கோளாறு என்று சோடா குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டில் தினமும் சாயங்காலம் சவறு வாரிக் கூட்டித் தீ வைக்கிறார்கள். அதோடு பால் கவர், டயப்பர், பிளாஸ்டிக் எல்லாம். கேட்டால் 'எங்க விளையில நாங்க எரிக்கோம்' என்கிறார்கள். நாங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?
- வாசகி, பார்வதிபுரம்

எனக்கு வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது இதுதான்.

காய்ந்த இலை எரிந்தாலே நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். ஈரச் சவறு என்றால் தீ பிடிக்காமல் கனன்று இன்னும் அதிகப் புகை விடும். பிளாஸ்டிக் சேர்ந்தால் கதை வேறு. பிவிசி வகைப் பிளாஸ்டிக் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது, அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். டயாக்சின் என்ற நச்சும் உருவாகிறது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, எளிதில் அழியாது, மண்ணில் விழுந்து, புல்லில் படிந்து, அதை மேயும் பசுவின் பாலில் கொழுப்போடு சேர்ந்து நம் வீட்டுக்கே திரும்பி வரும். எரிக்கிறவர் விளையோடு அது நிற்பதில்லை. ஆலைப் புகைபோக்கி உயரத்தில் விடுகிறது, இது மூக்கின் உயரத்தில் விடுகிறது, அதுவும் காற்று அடங்குகிற அந்தி நேரத்தில், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும்போது.

சட்டம் உங்கள் பக்கம். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதும் தடை செய்தது, எரிப்பவருக்கு 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. மாநகராட்சியில் புகார் கொடுக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டோடு நாளையும் முகம் பார்க்க வேண்டுமே, அதனால் முதலில் பேசிப் பாருங்கள். உங்கள் வீட்டில் இருமுகிற பிள்ளையையோ முட்டு உள்ள பெரியவரையோ கூடவே அழைத்துக்கொண்டு போய், 'இவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை' என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை அபராதத்தை விட இது வேலை செய்கிறது. எரிக்கிறவர்களில் பலருக்கு அது தீங்கு என்ற எண்ணமே கிடையாது, அவர்களின் அப்பா தாத்தா எரித்தார்கள், அன்றைக்கு அதில் டயப்பரும் பால் கவரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எரிக்காமல் என்ன செய்ய? நம் பெரியவர்கள் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையைத் தென்னை மூட்டில் குழி எடுத்துப் புதைத்தார்கள், மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று. சவறையும் அதே மூட்டில் போட்டு மண் தள்ளினால் உரம். இடம் இல்லாத வீட்டில் ஒரு மூலையில் நாலு கம்பு நட்டு, வலை சுற்றி இலையைப் போட்டு வாருங்கள், அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் மட்கிவிடும். பிளாஸ்டிக்கைத் தனியாகக் கழுவிக் காயவைத்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை ஊருக்குள் வருகிற நாட்களில் மட்டும் ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைத்து உள்ளே இருங்கள், முட்டு உள்ளவர்களை முடிந்தால் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அம்மாவுக்கு 64. வாழ்நாளில் பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனால் 'புகை பிடிப்பவர்களுக்கு வரும் சிஓபிடி', அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். எப்படி?
- வாசகர், கருங்கல்

அம்மா எத்தனை வருஷம் விறகு அடுப்பு ஊதினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கொதும்பு, சிரட்டை, ஓலை, ரப்பர் விறகு, மழைக்காலத்தில் நனைந்த மடல். அடுக்களையில் சின்ன ஜன்னல். அவர்கள் பிடித்த புகை சிகரெட் பிடிக்கும் ஓர் ஆண் பிடித்ததற்குக் குறைந்தது இல்லை, அவர்கள் விரும்பிப் பிடிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. வீட்டுக்குள் எரியும் புகையால் 2020-இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெண்களும் சின்னப் பிள்ளைகளும்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

நம் வீடுகளில் கேஸ் இருக்கும், ஆனால் அது சாயா போடவும் தாளிக்கவும் மட்டும். சோறும் வெந்நீரும் இன்றைக்கும் விறகில்தான், கேஸ் தீர்ந்துவிடும் என்ற கணக்கு. இந்தக் கணக்கில் மருந்துச் செலவைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். அம்மாவை இனி விறகு அடுப்புப் பக்கமே விடாதீர்கள். வெந்நீருக்கு விறகு வேண்டும் என்றால் அடுப்பை வெளியே திறந்த இடத்தில் போட்டு வேறு யாராவது கவனியுங்கள், காய்ந்த விறகாக இருக்கட்டும். ராத்திரி கொசுவத்தியும் வேண்டாம், வலை கட்டுங்கள். ஒரு கொசுவத்தி முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு நுண்துகள் வரும் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அளந்திருக்கிறார்கள். கதவை அடைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில்தான் தூங்குகிறோம்.

கெட்டுப்போன நுரையீரல் முழுதாகத் திரும்பாது. மேலும் கெடாமல் நிறுத்தலாம், இன்ஹேலராலும் மூச்சுப் பயிற்சியாலும் நடமாட்டத்தை நிறையவே கூட்டலாம். வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் போடுவது பற்றி அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆட்டோ ஓட்டுகிறேன். கைக்குட்டை கட்டினால் போதுமா, மாஸ்க் வேண்டுமா?
- வாசகர், கோட்டாறு

கைக்குட்டையும் துண்டும் பெரிய தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. நீலநிற அறுவைசிகிச்சை மாஸ்க்கில் ஓரமெல்லாம் இடைவெளி. என்95 என்று தரம் உள்ளது 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான். மூக்கு மேல் உள்ள கம்பியை அழுத்துங்கள், அடர்ந்த தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். துவைக்கக் கூடாது, துவைத்தால் துகளைப் பிடித்து வைக்கிற மின்னேற்றம் போய்விடும். அழுக்காகி மூச்சு இழுக்கக் கஷ்டமாகும் வரை சில நாட்கள் அதையே போடலாம். வாயுக்களை இது தடுக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செட்டிகுளம் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு வண்டி நீளம் விட்டு நில்லுங்கள், அதற்குக் காசு கிடையாது.

காலையில் நடக்கப் போவது நல்லதா கெட்டதா என்றே குழப்பமாக இருக்கிறது.
- வாசகர், ஒழுகினசேரி

நடங்கள். நம் ஊர் அளவுக்கு நடையால் வரும் நன்மை புகையால் வரும் தீமையை விட அதிகம். பைபாஸ் ஓரத்தை விட்டு உள்தெரு, குளக்கரை, வயல் பக்கம் என்று வழியை மாற்றிக்கொள்ளுங்கள். பனிமூட்டமும் புகையும் கலந்து கிடக்கும் தை, மாசிக் காலைகளில் வெயில் ஏறிய பிறகு போகலாம்.

தூசியில் வேலை செய்கிறவர்கள் கருப்பட்டி தின்றால் நுரையீரல் சுத்தமாகும் என்கிறார்களே? மட்டிப்பழமும் சொல்கிறார்கள்.
- வாசகர், தோவாளை

இரண்டும் நல்ல தீனி, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சாப்பிடுவது உணவுக்குழாயில் போகிறது, தூசி இருப்பது மூச்சுக்குழாயில். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி தொண்டைக்கு இதமாக இருக்கும், நுரையீரலில் படிந்ததை அது வெளியே எடுக்காது. கல் குவாரியிலோ செங்கல் சூளையிலோ வேலை என்றால் கருப்பட்டியை நம்பி மாஸ்க்கை விட்டுவிடாதீர்கள். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், அதற்கு முழுதாகக் குணமாக்கும் மருந்து கிடையாது.

மகளும் மருமகனும் டெல்லியில். மகள் நாலு மாசக் கர்ப்பம். தீபாவளி கழிந்தால் அங்கே மூச்சு விட முடியாது என்று டிவியில் காட்டுகிறார்கள். பயமாக இருக்கிறது. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா, இங்கே கூட்டி வந்துவிடவா?
- வாசகி, குளச்சல்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. கர்ப்பக் காலத்தில் அதிக மாசுக்கு ஆளாகும் தாய்மார்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் கூடுதலாக நேர்வது பல நாடுகளில் தெரிந்த விஷயம். 2019-இல் பெல்ஜியத்தில் நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது, குழந்தையை ஒட்டிய பக்கத்திலேயே கரித்துகள் இருப்பதைக் கண்டார்கள். அதற்காக டெல்லியில் இருக்கும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கெடுதல் வரும் என்று இல்லை, ஆபத்து கொஞ்சம் கூடுகிறது, அதைக் குறைக்க வழியும் இருக்கிறது.

நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்கள் வரும். வைக்கோல் எரிப்பு, வாகனம், கட்டட வேலை எல்லாம் இருக்க, குளிர்காலத்தில் காற்றும் அசையாது. பேறுகாலத்துக்கு எப்படியும் தாய்வீடு வரப்போகிற பெண், வேலையிலிருந்து லீவோ வீட்டிலிருந்து வேலையோ கிடைக்குமானால், அவளைப் பார்க்கும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அந்த மாதங்களுக்கு முன்னதாகவே வரட்டும். முடியாவிட்டால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள பியூரிஃபையர் ஒன்று படுக்கையறையில், அறையின் அளவுக்குத் தகுந்ததாக, கதவு ஜன்னலை அடைத்து ஓட வேண்டும், ஃபில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும். ஓசோன் விடும் வகை வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்கு ஆகாது. வெளியே போனால் என்95. செடி வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஓர் அறையின் காற்றைச் சுத்தம் செய்யக் காடளவு தொட்டி வேண்டும்.

இன்னொன்று, இதை எல்லாப் பாட்டிமார்களிடமும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். டெல்லிப் புகையிலிருந்து பத்திரமாகக் கூட்டி வந்து, பிள்ளை பிறந்ததும் குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். தாய்க்கும் தலைமுடி காய வைக்கப் புகை போடாதீர்கள். பச்சைப்பிள்ளையின் மூச்சுக்குழாய் எவ்வளவு மெல்லியது என்று நினைத்துப் பாருங்கள். துணியால் துடைத்தாலே தலை காய்ந்துவிடும். சளி வராமல் இருக்கப் போடுகிற புகையே அந்தப் பிள்ளைக்குச் சளியையும் இழுப்பையும் கொண்டுவருகிறது.

போனில் ஆப் ஒன்றில் நாகர்கோவில் காற்று 'நன்று' என்கிறது, இன்னொன்றில் 'மிதமானது' என்கிறது. எதை நம்ப?
- வாசகர், சுங்கான்கடை

இரண்டு காரணம். ஒன்று, அளவுகோல் வேறு. பிஎம் 2.5 ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் 100, 'திருப்திகரம்' என்பதற்குள் அடங்கிவிடும். அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டி, எல்லோருக்கும் கெடுதல் என்ற பட்டியலில் போகும். பல ஆப்கள் அமெரிக்க அளவைத்தான் காட்டுகின்றன. இரண்டு, பக்கத்தில் அளக்கும் நிலையம் இல்லாத இடத்துக்குச் செயற்கைக்கோளையும் கணினிக் கணிப்பையும் வைத்து எண் போடுகிறார்கள். அது பெரிய பரப்புக்கான மதிப்பீடு, உங்கள் தெருமுனையில் எரியும் குப்பை அதற்குத் தெரியாது. எண்ணைப் பாருங்கள், ஆனால் உங்கள் கண்ணெரிச்சலையும் நம்புங்கள்.

எங்கள் ரோட்டில் ராத்திரி பகலாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள். வீட்டுக்குள் மணல். தனி ஆள் என்ன செய்ய முடியும்?
- வாசகர், அழகியமண்டபம்

தனி ஆளாக மாஸ்க் போடலாம், ஜன்னலை மூடலாம், அவ்வளவுதான். இது சேர்ந்து கேட்க வேண்டியது.

கேட்கும்போது 'புகை அதிகம்' என்று பொதுவாக எழுதாமல், செய்யக்கூடியதைக் கேளுங்கள்: பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, குவாரியை விட்டு இறங்கும் முன் சக்கரத்தைக் கழுவுவது, சாலையோர மண்ணை அள்ளுவது, ரோட்டில் தண்ணீர் தெளிப்பது, பள்ளி நேரத்தில் டிப்பரை விடாமல் இருப்பது. எந்த நேரம், எந்த இடம், எத்தனை வண்டி என்று ஒரு வாரம் குறித்து, படத்தோடு, தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல். வீட்டில் முட்டு உள்ளவர்களின் மருத்துவச் சீட்டையும் சேருங்கள்.

மருத்துவச் சீட்டு ஏன் என்றால், லண்டனில் எல்லா (Ella) என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பெரிய சாலை ஒன்றின் பக்கத்தில் குடியிருந்தவள், 2013-இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் அம்மா விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி, அவள் இறப்புக்குக் காற்று மாசும் காரணம் என்று தீர்ப்பு எழுதினார். அதற்கு முன் பிரிட்டனில் யாருடைய இறப்புச் சான்றிலும் அப்படி எழுதப்பட்டதில்லை. அந்தச் சிறுமி ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதிகளையும் அன்றைய மாசு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் வழக்கில் பேசியது.

2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன, நாகர்கோவில் இல்லை. அதனால் அந்தத் திட்டப் பணத்தில் நமக்கு யாரும் ரோட்டைக் கூட்டித் தரப் போவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு மாதமாக இருமல். ரோட்டு வேலை நடக்கிறது, அந்தத் தூசிதான் என்று விட்டுவிட்டேன். சரிதானே?
- வாசகி, திங்கள்நகர்

சரி இல்லை அம்மா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அது எந்தத் தூசியாக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்யலாம், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். ஆஸ்துமாவா, சிஓபிடியா, வெறும் எரிச்சலா என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். போகும்போது இருமல் எந்த நேரம் அதிகம், வீட்டில் என்ன அடுப்பு, ராத்திரி கொசுவத்தி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.